தூங்குற கிழங்குக்குத் தண்ணி ஊத்தாதீங்க

இரவுச் சந்தையிலும் நர்சரிகளிலும் இப்போது ஒரு கிழங்கு விற்கிறார்கள், பார்த்திருப்பீங்க. கோழிமுட்டை அளவிலிருந்து தேங்காய் அளவு வரைக்கும் இருக்கும். பழுப்பு நிறம், மரப்பட்டை மாதிரி சொரசொரப்பான தோல். வேரும் இருக்காது, இலையும் இருக்காது. கூடையில் உருளைக்கிழங்கு மாதிரி குவித்து வைத்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு படம். அந்தப் படத்தில் அதே கிழங்கின் தலையில் மெல்லிய தண்டு, தண்டில் வட்ட வட்டமாய்ப் பச்சை இலைகள். ஸ்டெஃபானியா எரெக்டா என்பது அதன் பெயர்.

நம் இளைஞர்கள் நிறைய பேர் படத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து என்னிடம் வந்து, "அண்ணே, இது உயிரோட இருக்கா, செத்துப் போச்சா?" என்று கேட்கிறார்கள். வகுப்பு முடிந்து நாற்காலி அடுக்கும் நேரத்தில் இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. பாதிப் பேரின் கிழங்கு உயிரோடுதான் இருக்கும். மீதிப் பேருடையது சட்டிக்குள்ளேயே அழுகிப்போயிருக்கும். இரண்டும் மேலே பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும், அதுதான் சிக்கல். ஆகவே இந்த மாதப் பாடம் இந்தச் செடியைப் பற்றி.

இது எங்கிருந்து வருகிறது

நமக்கு வடக்கே தாய்லாந்தும் அதை ஒட்டிய நாடுகளும்தான் இதன் பிறந்த மண். அங்கே மழைக்காலம், வறண்ட காலம் என்று இரண்டும் தெளிவாகப் பிரிந்திருக்கும். ஏறக்குறைய மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை மழை. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வறட்சி. மழை இறங்கியதும் கிழங்கிலிருந்து தண்டு கிளம்பும், இலை விரியும், பூக்கும், காய்க்கும். மழை நின்றதும் மேலே உள்ளதெல்லாம் காய்ந்து உதிர்ந்துவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் அடுத்த மழைக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

இது நமக்குப் புதிய கதை இல்லை. வீட்டுக் கொல்லையில் சேனைக்கிழங்கு போட்ட பாட்டியைக் கேட்டுப் பாருங்க. குடை மாதிரி நிற்கும் இலை ஒரு நாள் மஞ்சளாகிச் சாய்ந்துவிடும், செடி போய்விட்டது என்று யாரும் அழமாட்டார்கள், கிழங்கு கீழே பத்திரமாக இருக்கிறது என்று தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் மரவள்ளியைத் தின்று உயிர் பிழைத்த தலைமுறை நம்முடையது. நிலத்துக்கு அடியில் சேமித்து வைக்கும் செடியின் அருமை அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இப்படித் தண்ணீரையும் மாவையும் சேர்த்து வைக்கிற பருத்த அடிப்பாகத்தைச் செடிப் பிரியர்கள் 'காடெக்ஸ்' என்று சொல்கிறார்கள். தாவரவியல்காரர்கள் கொஞ்சம் கறாராகப் பேசுவார்கள். தண்டின் அடி பருத்தால்தான் காடெக்ஸ், ஸ்டெஃபானியாவுடையது கிழங்கு என்பார்கள். வளர்க்கிறவனுக்கு அந்தச் சண்டை தேவையில்லை. பல வீட்டு வாசலில் நிற்கும் அடினியமும் இந்தப் பருத்த அடிக் கூட்டம்தான். ஆனால் அடினியம் ஆப்பிரிக்காவிலிருந்தும் தெற்கு அரேபியாவிலிருந்தும் வந்தது. முழு வெயில் கேட்கும். அதை வீட்டுக்குள் கொண்டுவந்து தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் தண்டு நீண்டு, இலை குறைந்து, பூவே வராது. அடுக்குமாடியில் இருக்கிறவர்களுக்கு ஸ்டெஃபானியாதான் பொருந்தும்.

குடும்பத்தைச் சொன்னால் ஆச்சரியப்படுவீங்க. சீந்தில் கொடி இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒரே குடும்பம். இலையைக் கசக்கித் தண்ணீரில் கலந்தால் கூழ் மாதிரி உறையுமே, கட்டுக்கொடி, அதுவும் இந்தக் குடும்பம்தான். இலையின் அமைப்பு மட்டும் தாமரையை நினைவுபடுத்தும். காம்பு இலையின் ஓரத்தில் சேராமல் அடிப்பக்கத்தின் நடுவில் போய்ச் சேரும். அங்கிருந்து நரம்புகள் சக்கரத்தின் ஆரம் மாதிரி சுற்றிலும் போகும். தாமரைக்கும் இதற்கும் வேறு உறவு கிடையாது.

சீந்திலுக்குச் சொந்தம் என்றால் மருந்தா?

இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சீந்திலின் சொந்தம் என்று கேட்டதுமே, "அப்ப இதைக் காய்ச்சிக் குடிக்கலாமா?" என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். கூடாது. இந்தச் செடிகளின் கிழங்கில் வீரியமான ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. ஒரே குடும்பம் என்பதற்காக ஒரே குணம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. உருளைக்கிழங்கும் ஊமத்தையும்கூட ஒரே குடும்பம்தான்.

ஸ்டெஃபானியா இனத்தின் பெயரோடு சேர்ந்த ஒரு பெரிய சோகம் பெல்ஜியத்தில் நடந்தது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் உடல் இளைக்க மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் கெட ஆரம்பித்தது. அந்த மாத்திரையில் ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்ற சீன மூலிகை இருக்க வேண்டும். உண்மையில் கலந்திருந்தது அரிஸ்டோலோக்கியா என்ற வேறொரு செடி. இரண்டின் சீனப் பெயர்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்கும். பெயர்க் குழப்பத்தில் செடி மாறிப்போய், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். பலருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைக்க வேண்டியதாயிற்று. இதில் ஸ்டெஃபானியாவின் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் உலர்ந்த கிழங்கையும் வேரையும் பார்த்து இது இன்னதுதான் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். கூடையில் பெயர்ச்சீட்டு இல்லாமல் கிடக்கும் கிழங்கு, நாம் நினைக்கிற கிழங்குதானா என்பதே முதலில் நிச்சயமில்லை.

வீட்டில் தவழும் குழந்தையோ பூனையோ இருந்தால் உயரமான இடத்தில் வையுங்க. கிழங்கை வெட்டினால் கையைக் கழுவுங்க. முக்கியமாக, சமையலறையில் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைக்காதீங்க. அம்மா அவசரத்தில் எடுத்து நறுக்கிவிடக்கூடிய உருவம் அதற்கு.

வாங்குவதற்கு முன்னால் ஒரு நிமிஷம்

சந்தைக்கு வரும் இந்தக் கிழங்குகளில் நிறைய, காட்டிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டவை. விதையிலிருந்து வளர்த்தால் கைப்பிடி அளவு வர வருஷக்கணக்கில் ஆகும், காட்டில் தோண்டினால் ஒரே நாளில் ஒரு மூட்டை. வியாபாரி எதைத் தேர்ந்தெடுப்பார்? வேரை வெட்டி, காயவைத்து, பெட்டி பெட்டியாக எல்லை தாண்டி வருகிறது. படம் எடுத்துப் போட அழகாக இருக்கிறது என்பதற்காக நாம் வாங்க வாங்க, அங்கே குழிகள் கூடிக்கொண்டே போகும். பெரிய கிழங்கு என்றால் விதை கொடுத்துக்கொண்டிருந்த மூத்த செடி என்று அர்த்தம். அதைப் பிடுங்கினால் அடுத்த தலைமுறை விதையும் அதோடு போயிற்று.

அதற்காக வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்டு வாங்குங்க. "இது விதையில் வளர்த்ததா?" என்று கடைக்காரரிடம் கேளுங்க. விதையில் வளர்ந்தது பெரும்பாலும் சின்னதாக, வழவழப்பாக, ஏற்கனவே வேர் பிடித்த நிலையில் சட்டியோடு கிடைக்கும். காட்டில் பிறந்தது கல்லில் உரசின தழும்போடு, கோணல்மாணலாக, வெட்டுப்பட்ட வேரோடு இருக்கும். சின்னதை வாங்கி வருஷா வருஷம் பெருப்பதைப் பார்ப்பதில்தான் எனக்கு ருசி. தேங்காய் அளவை 100 ரிங்கிட்டுக்குமேல் கொடுத்து வாங்கி மூன்றே மாதத்தில் அழுகவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எப்படியானாலும் கையில் எடுத்து அழுத்திப் பாருங்க. கல் மாதிரி இருக்கணும். எங்கேயாவது பஞ்சு மாதிரி அமுங்கினால், புளித்த வாடை வந்தால், அப்படியே கூடையில் போட்டுவிட்டு நடையைக் கட்டுங்க.

நடுவது

முதலில் எது தலை, எது கால் என்று பார்க்கணும். தலையில் சின்னதாக ஒரு முனை, அல்லது பழைய தண்டு காய்ந்த தழும்பு இருக்கும். அடியில் வேர் வெட்டின அடையாளம் இருக்கும். ரொம்ப சந்தேகமாக இருந்தால் படுக்கவைத்து நடுங்க. முளை எந்தப் பக்கம் கிளம்புகிறதோ அதைப் பார்த்துப் பிறகு நிமிர்த்திக்கொள்ளலாம்.

மண் சட்டிதான் நல்லது, அடியில் ஓட்டை கட்டாயம். ஓட்டை இல்லாத அழகுப் பீங்கானை மறந்துவிடுங்க. கிழங்கைச் சுற்றி இரண்டு விரல் இடம் இருந்தால் போதும். பெரிய சட்டியில் நட்டால் வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரமாகவே கிடக்கும். நர்சரியில் மூட்டையாக விற்கும் கறுப்பு மண்ணைத் தனியாகப் போடாதீங்க. நம் ஊர் ஈரக்காற்றில் அது காயவே காயாது. நான் போடும் கலவை இதுதான்: பாதிக்குப் பெர்லைட் அல்லது எரிமலைச் சிறுகல், மீதியில் கருகின உமியும் தேங்காய் நார்த்தூளும். தண்ணீர் ஊற்றினால் சில நொடியில் அடியில் ஒழுகணும். ஒழுகவில்லை என்றால் இன்னும் கல் சேருங்க.

கிழங்கின் அடிப்பாதி மண்ணுக்குள், மேல்பாதி வெளியே. கலவையை ஈரமாக்கிப் பிழிந்த துணி அளவுக்கு வைத்தால் போதும். பிறகு பொறுமை. இரண்டு வாரத்தில் முளைப்பதும் உண்டு, நான்கைந்து மாதம் அசையாமல் கிடப்பதும் உண்டு. குளிர்நாட்டுக்காரர்கள் வீடியோவில் கண்ணாடி மூடி போடுவார்கள், அடியில் சூடு கொடுக்கும் பாய் விரிப்பார்கள். அவர்கள் காற்று வறண்டது, வீடு குளிர்ந்தது. நமக்கு ராத்திரியிலும் சூடு இருக்கிறது, காற்றில் ஈரம் சொட்டுகிறது. இங்கே மூடி போட்டால் முளைக்கு முன்னால் பூஞ்சணம் வரும். நாள் முழுக்க ஏர்கோன் ஓடும் அறை என்றால் மட்டும் அந்த யோசனையை எடுத்துக்கொள்ளலாம்.

வெளிச்சம்

ஜன்னலிலிருந்து ஒரு கை தூரம். காலை வெயில் படும் கிழக்கு ஜன்னல் முதல் தரம். மேற்கு ஜன்னலின் மூணு மணி வெயில் இந்த மெல்லிய இலையைக் கருக்கிவிடும், அங்கே மெல்லிய திரை போடுங்க. தெற்கு ஜன்னல் நல்லது என்று வெளிநாட்டுப் புத்தகம் சொல்லும். அது வடக்கே தூரத்தில் இருக்கிறவர்களுக்கு. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கோலாலம்பூரில் மார்ச் இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வரும். வருஷ நடுவில் வடக்குப் பக்கம் சாயும், வருஷக் கடைசியில் தெற்குப் பக்கம் சாயும். அதனால் ஜூனில் நிழலாக இருந்த தெற்கு ஜன்னலில் டிசம்பரில் வெயில் விழலாம்.

தண்டு நூல் மாதிரி நீண்டு, இலைக்கும் இலைக்கும் இடையே சாண் கணக்கில் இடைவெளி விழுந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். இது கொடி வகை என்பதால் ஓரளவு நீளத்தான் செய்யும், ஒரு கம்பி வளையம் வைத்துச் சுற்றிவிடுங்க.

தண்ணி

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தச் செடி சாவது பெரும்பாலும் தண்ணீரால்தான். அன்பு கூடிச் சாகிறது என்றே சொல்லலாம்.

ஏன் என்று யோசியுங்க. மண்ணிலிருந்து வேர் தண்ணீரை இழுப்பதற்கு முக்கியக் காரணம், மேலே இலையிலிருந்து தண்ணீர் ஆவியாகிப் போவது. இலை இருந்தால் உறிஞ்சுகிற வேலை நடக்கும். இலையே இல்லாத கிழங்குக்கு நீங்கள் ஒரு குவளை ஊற்றினால் அந்தத் தண்ணீரை யார் குடிப்பது? அது மண்ணிலேயே நிற்கும். மண்ணில் காற்று இருக்க வேண்டிய இடைவெளியெல்லாம் தண்ணீரால் அடைபட்டுப்போகும். வேருக்கும் மூச்சு வேண்டும், அது திணறிச் சாகும். செத்த வேர் வழியாகப் பூஞ்சைக் கிருமி கிழங்குக்குள் நுழையும். மேலே தோல் காய்ந்து கெட்டியாகவே இருக்கும், உள்ளே கஞ்சியாகியிருக்கும்.

ஆகவே இலையைப் பார்த்துத்தான் தண்ணீர். முளைக்காத கிழங்குக்கு மண் முழுக்கக் காயாமல் லேசான ஈரம் போதும். இலை விரிந்து வளர்கிற காலத்தில், மண் ஏறக்குறைய முழுக்கக் காய்ந்த பிறகு, அடியில் ஒழுகும் அளவுக்கு நன்றாக ஊற்றுங்க. தினம் ஒரு கரண்டி ஊற்றுகிற பழக்கம் வேண்டாம். மண் காய்ந்ததா என்று பார்க்கச் சத்தே குச்சி போதும். அடி வரைக்கும் குத்தி அஞ்சு நிமிஷம் விட்டு எடுங்க. குச்சி ஈரமாக வந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. வீட்டில் சமையல் தராசு இருந்தால் இன்னும் நல்லது. காய்ந்த சட்டி எத்தனை கிராம், ஊற்றி ஒழுகவிட்ட பிறகு எத்தனை கிராம் என்று ஒரு தடவை எழுதி வையுங்க. எடை பழைய இடத்துக்கு இறங்கி வரும்போது ஊற்றணும். "வாரத்துக்கு எத்தனை தடவை அண்ணே?" என்று கேட்காதீங்க. காற்றாடிக்குக் கீழே இருக்கும் சட்டியும் குளியலறை ஓரத்துச் சட்டியும் ஒரே வேகத்தில் காயாது.

இப்போது தூக்கத்துக்கு வருகிறேன். தாய்லாந்தில் வறண்ட காலம் வந்தால் இலை உதிரும். நம் நாட்டில் அப்படி நீண்ட வறட்சி இல்லை. பகல் நீளமும் வருஷம் முழுக்கப் பெரிதாக மாறுவதில்லை. அதனால் இங்கே இந்தச் செடி மாதத்தைப் பார்த்துத் தூங்காது. சில வீட்டில் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும். சில வீட்டில் திடீரென்று எல்லா இலையும் மஞ்சளாகி ஒரே வாரத்தில் உதிர்ந்துவிடும். அப்போதுதான் ஆபத்து. வாடிப்போயிற்று, தண்ணீர் போதவில்லை என்று நினைத்து வீட்டில் ஆளுக்கு ஒரு குவளை ஊற்றுவார்கள். அம்மா காலையில், தங்கச்சி சாயங்காலம். சட்டியில் ஒரு சீட்டு ஒட்டி வையுங்க: 'தூங்குகிறது, ஊற்றாதீர்.' மாதத்துக்கு ஒரு முறை கொஞ்சம் நனைத்தால் போதும், முளை தெரியும் வரை.

தூங்குகிறதா செத்துவிட்டதா என்று அறிய விரலால் அழுத்துங்க. கெட்டியாக இருந்தால் தூக்கம். நகத்தால் தோலை லேசாகச் சுரண்டினால் உள்ளே ஈரப்பசை தெரியும். லேசாகச் சுருங்கியிருந்தாலும் கெட்டியாக இருந்தால் பயமில்லை. அமுங்கினால் உடனே வெளியே எடுங்க. சுத்தமான கத்தியால் அழுகின பகுதியை, நல்ல சதை தெரியும் வரை, தாராளமாக வெட்டுங்க. கரித்தூள் தடவி, காற்றாடும் நிழலில் ஒரு வாரம் காயப்போட்டு, வெட்டின முகம் தோல் கட்டின பிறகு புதுக் கலவையில் நடுங்க. பிழைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் பாதி கிழங்கு பிழைத்ததை நம் கிளையிலேயே இரண்டு பேர் வீட்டில் பார்த்தேன்.

சட்டிக்குக் கீழே வைக்கும் தட்டைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். ஏடிஸ் கொசுவுக்குக் குளம் குட்டை தேவையில்லை, அந்தத் தட்டு போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். மலேசியாவில் 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதம் உண்டு. சிங்கப்பூரிலும் அதிகாரிகள் வீடு வீடாக வந்து பார்க்கிறார்கள். அபராதம் கிடக்கட்டும், டெங்கி வந்து படுத்தவர் இல்லாத தெரு நம்மிடம் இருக்கிறதா? ஊற்றி கால் மணி நேரத்தில் தட்டைக் கவிழ்த்துத் துடைத்துவிடுங்க. செடிக்கும் அதுதான் நல்லது.

உரம் அதிகம் தேவையில்லை. இலை இருக்கும் காலத்தில் மாதம் ஒரு தடவை, பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதி. ஏர்கோன் அறையில் இலையின் அடிப்பக்கம் புள்ளி புள்ளியாக வெளுத்து, மெல்லிய வலை தெரிந்தால் சிலந்திப்பேன். குளியலறைக்குக் கொண்டுபோய், மண்ணைப் பிளாஸ்டிக் பையால் மூடி, இலையின் அடிப்பக்கத்தை மெதுவாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்க. மூன்று நாளுக்கு ஒரு முறை, இரண்டு வாரம். வெள்ளையாக மாவுப்பூச்சி தெரிந்தால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போதும்.

பூத்தால் எனக்குச் சொல்லுங்க

நன்றாக வளர்ந்த செடி பூக்கும். பூ கடுகளவு, பலர் கவனிக்கவே மாட்டார்கள். இந்தக் குடும்பத்தில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஒரு வீட்டில் ஒரே செடி இருந்தால் எத்தனை பூ பூத்தாலும் விதை வராது. பூதக்கண்ணாடியில் பாருங்க. நடுவில் சின்னக் குடைத்தட்டு மாதிரி ஒன்று நின்றால் அது ஆண், மகரந்தத் தாள்கள் எல்லாம் ஒட்டி அப்படி ஆகியிருக்கும். குட்டி உருண்டை மாதிரி சூலகம் தெரிந்தால் பெண்.

நம் கிளையில் எனக்குத் தெரிந்து பதினோரு பேர் வீட்டில் இந்தச் செடி இருக்கிறது. ஆணும் பெண்ணும் ஒரே சமயத்தில் பூத்தால், மெல்லிய தூரிகையால் மகரந்தத்தை எடுத்துத் தடவி நாமே விதை எடுத்துப் பார்க்கலாம். விதை கிடைத்துவிட்டால் அடுத்த வருஷம் வருகிறவர்களுக்கு நாற்றாகவே கொடுக்கலாம், யாரும் காட்டுக் கிழங்கு வாங்கத் தேவையிருக்காது. ஆகவே பூ வந்தால் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்க, தேதியை எழுதுங்க, ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும்போது காட்டுங்க. செடியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், பஸ்ஸில் தண்டு ஒடிந்துவிடும்.